பகல் வெளிச்சத்தில் ஒரு கழுதைப்புலி

சைக்ளமன் பூவைப் படமெடுக்க வேண்டுமானால் வயிறு தரையில் படப் படுத்துக்கொள்ள வேண்டும். என் வயசுக்குப் படுப்பது பெரிய காரியமில்லை, எழுந்திருப்பதுதான் பாடு. என் அங்கியில் முன்பக்கம் மட்டும் மண் ஒட்டியிருப்பதை நேற்று உங்கள் ஆள் ஒருவர் பெரிய தடயம் மாதிரி உற்று உற்றுப் பார்த்தார். அது பூவுக்காகப் படுத்த மண், ஐயா. மற்ற விஷயத்துக்கு நான் படுக்க வேண்டியிருக்கவில்லை, உட்கார்ந்தால் போதுமாக இருந்தது.

காப்பிக்கு நன்றி. ஏலக்காய் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம், பரவாயில்லை.

நானாகத்தான் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வந்தது ஒரே காரியத்துக்கு. இப்போது மல்ஹமின் சாவு வீட்டில் ஊர் முழுக்கக் கூடியிருக்கிறது. அடக்கம் முடிந்த கையோடு அவர்கள் பழைய டயரும் டீசலுமாகச் சரிவில் இறங்கப் போகிறார்கள். கழுதைப்புலியின் குகை வாயில் புகை போட்டு, வெளியே வருவதைச் சுடுவது என்று காப்பிக் கடையில் பேசி முடித்தாயிற்று. உள்ளே பால் குடிக்கிற குட்டிகள் இரண்டு இருக்கின்றன. நாலு ஆளை அனுப்பி அதைத் தடுத்து நிறுத்துங்கள். மல்ஹமைக் கழுதைப்புலி கொல்லவில்லை. உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். இல்லாவிட்டால், வாசலில் நிற்கிற உங்கள் ஆள் நினைக்கிற மாதிரி, கிழவிக்கும் மயக்கம் பிடித்துவிட்டது என்பீர்கள்.

என் பேர் வதாத். ஊர் முடிந்து கருவாலி மரங்கள் தொடங்குகிற இடத்தில் தனி வீடு. நானும் என் புருஷன் நஸீபும் காலமெல்லாம் கல்யாண ஸ்டுடியோ நடத்தினோம். இந்த மலையில் பாதிப் பேருடைய கல்யாண ஆல்பம் என் கை பட்டதுதான், உங்கள் அப்பா அம்மாவுடையதாகவும் இருக்கலாம். மாப்பிள்ளையின் வழுக்கையை மறைப்பது, முறைத்துக்கொண்டு நிற்கிற மாமியாரைச் சிரிக்க வைப்பது எல்லாம் என் பொறுப்பு. அவர் போன பிறகு கடையை மூடிவிட்டேன். மனுஷ முகம் எனக்குத் திகட்டிப்போயிருந்தது. காமிராவை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போனேன், அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குள்ளநரி நின்றது. மதில் இடுக்கில், தேனீ உட்கார்ந்திருக்கிறதோ என்று ஏமாற வைக்கிற காட்டு ஆர்க்கிட் பூத்திருந்தது. இத்தனை வருஷம் என் வீட்டைச் சுற்றியே இருந்திருக்கின்றன, நான்தான் பார்க்கவில்லை. அவை ஒன்றும் என்னைக் கொஞ்சம் ஒல்லியாகக் காட்டுங்கள் என்று கேட்கவுமில்லை.

மல்ஹம் என் புருஷனின் தங்கை மகன். அத்தை அத்தை என்று உயிரை விடுவான். அவனைப் பற்றி ஒரு குறை சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியாது. கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வைப்பான். கரண்ட் விற்கிற ஜெனரேட்டர்க்காரன் என் லைனை வெட்டினால் போய்ச் சண்டை போட்டு மாட்டிவிட்டு வருவான். மரத்தில் கட்டி வைத்தால் முன்னால் எது நடந்தாலும் தானாகப் படமெடுக்கிற பெட்டிக் காமிரா ஒன்று வாங்கினேன். அதை ஏறிக் கட்டியதும் அவன்தான். அதில்தான் அவளை, அந்தக் கழுதைப்புலியை, முதலில் பார்த்தேன். பின்கழுத்து மயிர் சிலிர்த்து, முன்னங்கால் உயர்ந்து பின்னங்கால் தாழ்ந்து, உடம்பெல்லாம் வரி. இருட்டில் எடுத்தது, சாம்பல் பூசின மாதிரி இருந்தது. அந்த வரிகளின் நிறம் என்ன என்று பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு ஏற்பட்டது ஆசை. இரண்டு குளிர்காலம் அவள் பின்னாலேயே அலைந்தேன். வெளிச்சம் வருமுன் குகைக்குள் போய்விடுவாள்.

மல்ஹம் வரும்போதெல்லாம் கேலி செய்வான். "என்ன அத்தை, கல்யாணப் பொண்ணு இன்னும் முகம் காட்டலையா?"

"வெக்கப்படுறாடா."

"மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க யாருன்னு சொல்லுங்க, நான் போய்ப் பேசி முடிக்கிறேன். சீர்வரிசை என்ன, ரெண்டு செத்த கழுதை போதுமா?"

நான் வாய்விட்டுச் சிரிப்பேன். அந்த வீட்டில் என்னைச் சிரிக்க வைத்தவன் அவன் ஒருவன்தான்.

கழுதைப்புலியைப் பற்றி எங்கள் மலையில் சொல்வது உங்களுக்கும் தெரியும், உங்கள் அம்மாவும் சொல்லித்தான் வளர்த்திருப்பாள். வாலைத் தன் மூத்திரத்தில் நனைத்து ஆள்மேல் தெளிக்குமாம். தெளித்த நொடியே அவனுக்குப் புத்தி மாறிவிடுமாம். அது தன் அப்பா என்று நினைத்து, நில்லு, நில்லு, இதோ வர்றேன் என்று கத்திக்கொண்டே குகை வரைக்கும் பின்னால் ஓடுவானாம். குகை வாசலில் நெற்றி இடித்து ரத்தம் வந்தால் தெளிந்து தப்பிப்பானாம், இல்லாவிட்டால் உள்ளே இரையாம். பட்டணத்தில் படித்துவிட்டு வந்தவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே நம்புகிற கதை. நான் சிரித்தேன், நம்பவில்லை. அதனால் அதை ஒரு விஷயமாகவே கணக்கில் எடுக்காமல் விட்டேன். நான் செய்த ஒரே தப்பு அது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குட்டிகள் குகை வாசலில் விளையாடுகிற படத்தை நான் ஃபேஸ்புக்கில் போட்டேன். எங்கெங்கோ இருக்கிறவர்களெல்லாம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் புகழ்ந்தார்கள். பின்னால் தெரிந்த பாறையை ஊரில் ஒருவன் அடையாளம் கண்டுபிடித்துவிட்டான். ஊருக்கு இத்தனை பக்கத்திலா என்று கொதிப்பு ஏறிவிட்டது. யார் வீட்டு ஆட்டுக்குட்டி காணாமல் போனாலும் அவள் தலையில் போட்டார்கள். தெருநாய்க் கூட்டத்தை ஒருத்தரும் பேசவில்லை.

அப்போதுதான் மல்ஹம் வந்தான். வழக்கமான கேலி இல்லை. உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினான்.

"அத்தை, ஊர் ஒரு முடிவோட இருக்கு. விஷம் தடவின இறைச்சியைக் காடு பூரா வீசப் போறாங்க. வீசினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாததா? நரி போகும், கீரி போகும், கழுகு போகும். நான் அவங்ககிட்ட ஒரு வாரம் பொறுங்கன்னு கெஞ்சி வெச்சிருக்கேன். ஒரே குண்டுல அதை மட்டும் முடிச்சிட்டா மத்ததெல்லாம் தப்பிச்சுக்கும்."

"குட்டி போட்டிருக்காடா."

"தெரியும் அத்தை. அதனாலதான் ராத்திரி தூக்கமே இல்ல. ஆனா எம் பொண்ணு யாரா பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நடந்து போற பாதை அது. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஸுஹா என்னை வீட்டுக்குள்ள விடுவாளா?"

"உசிரோட இருக்கிற மனுஷனை அது தொடாது. செத்ததைத்தான் தின்னும்."

"நீங்க சொன்னா நான் நம்புறேன். ஊர் நம்பணுமே. நீங்க போட்ட படத்தைப் பாத்துதானே இவ்வளவும்." சொன்னவன் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். "மனசுல வெச்சுக்காதீங்க அத்தை. இடத்தை மட்டும் காட்டுங்க. வலிக்காம முடிச்சிடுறேன், சத்தியமா."

நியாயமான பேச்சு. அன்றைக்கு மட்டுமில்லை, இன்று வரைக்கும் அதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அவனைவிடக் காட்டுக்கு நல்லது நினைத்தவன் அந்த ஊரில் இல்லை. ஆனால் நான் வேறு ஒன்றை யோசித்தேன். ஊரில் மனிதர்கள் எத்தனையோ பேர், போனால் இன்னொருவன் பிறப்பான். அவளுக்குப் பதில் இன்னொருத்தி இந்தச் சரிவுக்கு வர மாட்டாள். எல்லாரையும் நான் தடுக்க முடியாது. துப்பாக்கியோடு என் வாசலில் நிற்கிற ஒருவனைத் தடுக்கலாம். காட்டுகிறேன் வா என்றேன்.

மறுநாள் பிற்பகல் இறங்கினோம். நான் முன்னால், அவன் பின்னால். அந்தச் சரிவில் ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும், அவனுக்குத் தார் ரோடுதான் பழக்கம். வேட்டைத் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்க வந்தான். நில்லுங்க, நில்லுங்க, இதோ வர்றேன் என்று கத்திக்கொண்டே வந்தான். வழக்கமாக ஒரு வார்த்தைக்கு ஒரு அத்தை போடுகிறவன், மூச்சு போதாமல் அதை விட்டுவிட்டான் போலிருக்கிறது. நான் நிற்கவில்லை. நின்றால் மனசு மாறிவிடுமோ என்று பயமாக இருந்தது.

பள்ளத்து விளிம்பில் ஒரு தட்டைக்கல் உண்டு. அதன் இடுக்கில் வசந்தத்தில் நீலமாக ஒரு மணிப்பூ பூக்கும். போன வருஷம் அதைப் படமெடுக்கப் போய், கல் அசைந்து, நானே போய்ச் சேர இருந்தேன். அதற்கப்புறம் அந்தக் கல்லை நான் சுற்றித்தான் போவேன். அன்றைக்கும் சுற்றித்தான் போனேன். மல்ஹம் அதன்மேல் ஏறினான். கல் சாய்ந்தது, விழுந்தான்.

கல் ஆடும் என்று எச்சரித்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. நான் சொன்னது வேறு. "அந்தக் கல்லு மேல ஏறி நின்னு பாரு, குகை வாசல் தெரியும்" என்றேன். அதில் பொய் இல்லை, ஐயா. அங்கிருந்து குகை வாசல் நன்றாகவே தெரியும்.

எட்டிப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே அசைவில்லை, நெற்றி பிளந்திருந்தது. ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. போன் உடைந்து கிடந்தது. உடையாமல் இருந்தாலும் அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது.

"இருடா, ஆளைக் கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

"சரி அத்தை" என்றான். "மெதுவா போங்க, கல்லு வழுக்கும்."

நான் மெதுவாகத்தான் போனேன். வீட்டுக்கு வந்து முஜத்தராவுக்குப் பருப்பும் அரிசியும் களைந்து வைத்தேன், வெங்காயம் வதக்கினேன். ஆளைக் கூப்பிட வேண்டும் என்ற எண்ணம் வந்து வந்து போனது. கூப்பிட்டால் இருபது பேர் விளக்கும் நாயுமாக அந்தப் பள்ளத்தில் இறங்குவார்கள். பால் குடிக்கிற குட்டி இருக்கிற குகைப் பக்கம் அப்படிக் கூட்டம் போகக் கூடாது. தாய் குட்டியை விட்டுவிட்டு ஓடிவிடும், விஷயம் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஸுஹா வந்தாள், மல்ஹமின் பெண்டாட்டி. மகள் யாராவைக் கையில் பிடித்திருந்தாள்.

"அத்தை, அவர் உங்ககூடத்தான் வர்றேன்னு கிளம்பினார். எங்க அவர்?"

"வந்தாம்மா. இன்னைக்கு வேணாம்னு திருப்பி அனுப்பிட்டேன். மேல் சுனைப் பக்கம் போறேன்னு சொல்லிட்டுப் போனானே."

"மேல் சுனையா? அங்க என்ன வேலை அவருக்கு?"

"எனக்கென்னம்மா தெரியும்."

குழந்தை வெங்காய வாசனைக்கு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். ஊர் ஆண்கள் மேல் சுனைக்கு ஏறினார்கள். அது மலையின் அந்தப் பக்கம். தேடினார்கள், தேடினார்கள், பாவம்.

மறுநாள் காலை நான் பள்ளத்துக்குப் போனேன். அதை அப்புறம் சொல்கிறேன், முதலில் ஊரின் முட்டாள்தனத்தைக் கேளுங்கள்.

அன்றைக்கு நாங்கள் இறங்கும்போது, கீழ்ச் சரிவில் உம் ஸல்மான் என்கிற கிழவி ஸஅதர் மூலிகை இலை பறித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் மரங்களுக்குள் இருந்தேன், அவள் கண்ணில் படவில்லை. அவளுக்குக் கேட்டது மல்ஹமின் குரல் மட்டும்தான். நில்லுங்க, நில்லுங்க, இதோ வர்றேன். முன்னால் ஒருத்தரையும் காணோம், ஆள் மட்டும் கத்திக்கொண்டு ஓடுகிறான். கிழவி கூடையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த நாள் முழுக்க வாயே திறக்கவில்லை. மயங்கினவனைப் பற்றிப் பேசினால் தனக்கும் தொற்றும் என்று பயம். அதற்கும் அடுத்த நாள், அதாவது நேற்றுத்தான், அழுதுகொண்டே சொன்னாள். உடனே இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். குகைக்குப் பக்கத்தில் உடம்பு கிடந்தது. நெற்றியில் காயம். தொடையும் கையும் கடித்துத் தின்றிருந்தது. அதற்குமேல் என்ன வேண்டும்? "பாத்தீங்களா, நெத்தி இடிச்சிருக்கு, ஆனா தெளியுறதுக்குள்ள தின்னுடுச்சு" என்று காப்பிக் கடையில் அபூ நாயிஃப் தீர்ப்பே சொல்லிவிட்டான். அவன் முன்னால் நடந்து போனது ஒரு மனுஷியாக இருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்குச் சந்தோஷப்படவா அழவா என்று தெரியவில்லை. என்னைக் காப்பாற்றிய அதே பேச்சு அவளுக்குத் தூக்குக் கயிறாகப் போய்விட்டது.

இன்று காலை அடக்கத்துக்குப் பெண்கள் கூடினபோது ஸுஹா என் மடியில் விழுந்து அழுதாள். "அது வம்சமே நாசமாப் போகணும் அத்தை" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டே, வெளியே ஆண்கள் டயர் ஏற்றுவதைப் பார்த்தேன். அங்கிருந்து எழுந்து நேராக இங்கே வந்தேன்.

அது துப்பாக்கிச் சத்தம்தானே? சாவுக்குச் சுடுகிறார்கள். நல்ல வயசில் போனவன், அப்படித்தான் சுடுவார்கள். நீங்கள் ஏன் ஜன்னலைச் சாத்துகிறீர்கள்? இன்னும் அடக்கமே ஆகியிருக்காது, ஐயா. நேரம் இருக்கிறது. ஜீப்பில் போனால் இப்போதும் முந்திவிடலாம்.

போனைக் கவிழ்த்து வைக்காதீர்கள், நான் பார்த்துவிட்டேன். ஊர் குரூப்பில்தானே வந்திருக்கிறது? காட்டுங்கள்.

சரி.

அவளைக் கரண்ட் கம்பத்தில் காலைக் கட்டித் தொங்க விட்டிருக்கிறார்கள். குட்டிகளைக் கீழே போட்டிருக்கிறார்கள். முன்னால் பையன்களை நிற்க வைத்திருக்கிறார்கள். சூரியனை எதிரே வைத்துக்கொண்டு எடுத்திருக்கிறான், மடையன். வரியே தெரியவில்லை, எல்லாம் கறுப்பாக இருக்கிறது.

ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள்.

இனி யாரையும் அனுப்ப வேண்டாம். ஆனாலும் எழுதுவதை நிறுத்தாதீர்கள். அவள் மேல் பழி நிற்கக் கூடாது. செத்த பிறகாவது உண்மை இருக்கட்டும்.

அன்றைக்குச் சாயங்காலமே நான் ஊரைக் கூப்பிட்டிருந்தால் மல்ஹமும் பிழைத்திருப்பான், அவள்மேலும் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள் என்று சொல்கிறீர்கள். நீங்கள் சொல்வது சரிதான். கல்லிலிருந்து விழுந்தான் என்று அவனே சொல்லியிருப்பான். இடுப்பு உடைந்தவன் அதற்கப்புறம் துப்பாக்கி தூக்கவா போகிறான்? இதை நானும் யோசிக்காமல் இல்லை. வெங்காயம் வதக்கும்போதே யோசித்தேன். ஆனால் அங்கே ரத்தம் இருந்தது, அசையாத உடம்பு இருந்தது. மோப்பம் பிடித்து அவள் கட்டாயம் வருவாள், வந்தால் விடிந்த பிறகும் நிற்பாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு குளிர்காலம் காத்திருந்தவள் நான். அவளைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்தேன், அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். படம் அதோடு சேர்ந்து வந்தது, அவ்வளவுதான்.

இதோ, என் காமிராவிலேயே இருக்கிறது. வாங்கிப் பாருங்கள். மெய்யாகவே பார்க்க வேண்டிய படம். வெளிச்சம் அப்போதுதான் பள்ளத்தின் விளிம்பைத் தாண்டி விழுந்தது. வரிகள் கறுப்பு இல்லை பாருங்கள், காப்பிப் பொடி நிறம், நடுவில் வைக்கோல் நிறம். இதை யாரும் இந்த மலையில் பகலில் பார்த்ததில்லை.

அவளுக்கும் அவனுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கவனியுங்கள். வாய் மூடியிருக்கிறது. நிற்கிறாள், மோப்பம் பிடிக்கிறாள், அவ்வளவுதான். வெயில் ஏறி, அவன் மூச்சு அடங்கின பிறகுதான் கிட்டே போனாள். அது அவள் சாப்பாடு, அதில் குற்றம் இல்லை. உயிரோடு இருக்கிறவனை அவள் தொடவில்லை, அதற்கு இந்தப் படம்தான் சாட்சி.

இதில் அவன் உயிரோடு இருக்கிறான் என்று எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால், முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். கண் திறந்திருக்கிறது. அவளைப் பார்க்கவில்லை, புதருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற என்னைத்தான் பார்க்கிறான். இதற்கு முந்தின நொடி "அத்தை" என்று கூப்பிட வாயெடுத்தான். சத்தம் கேட்டால் அவள் ஓடிவிடுவாளே என்று நான் விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். நல்ல பிள்ளை, அதற்கப்புறம் அவன் வாயே திறக்கவில்லை.